பெரிய கூடத்தில் கேட்ட குரல்

குகைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மின்மினிப் புழுக்களைப் பற்றியல்ல, கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான். பாவம், பேருந்தில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வருகிறார்கள். அதனால் நான் வணக்கம் சொல்லும்போதே அந்தப் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை சிரித்துவிட்டால் கூட்டம் நம் சொல்லுக்குக் கட்டுப்படும். அப்புறம் இருட்டுக்குள் கூட்டிப் போனாலும் பயப்பட மாட்டார்கள்.

அன்று காலையும் அப்படித்தான் கையைக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள்.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் இல்லை. நீங்கள் என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நானே காவல் நிலையத்துக்குக் கிளம்புவதாகத்தான் இருந்தேன். வண்டிச் சாவியைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

என்னை அந்த வேலையில் சேர்த்தது ஹகோப்பாதான். குகையும் அதைச் சுற்றியுள்ள காடும் அவன் குடும்பத்துக்குச் சொந்தம். அவன் மனைவி ஹூரியா சுற்றுலாவை நடத்துகிறாள். நானும் அவனும் பள்ளியில் ஒன்றாக ரக்பி ஆடியவர்கள். என் மாட்டுப் பண்ணை கைவிட்டுப் போன வருடம் நான் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தேன். அவன்தான் வந்து என் போர்வையை உருவிப் போட்டுவிட்டு, "எழுந்திரிடா நெவ். மாட்டுக்கு வழி காட்டினவன்தானே நீ, மனுசனுக்கும் காட்டு" என்றான். அன்று முதல் வழிகாட்டியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பன்றி எலும்பும் கீரையும் போட்டுக் கொதிக்கவைத்து, எனக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றுவான். நல்லவன். இதை நான் மறுக்கப் போவதில்லை.

எங்கள் குகை சின்னது. மேலே ஒரு நடைபாதை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. அது பெரிய கூடத்தில் போய் முடியும். அங்கே போனதும் விளக்கை அணைத்துவிடுவேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு கூரை முழுக்க நீல நிறத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் எழும். ஒவ்வொன்றும் ஒரு புழு. ஒட்டும் இழைகளைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் காட்டிப் பூச்சியை வரவழைத்துத் தின்னும். பசித்த புழுதான் அதிகம் ஒளிரும். இதைச் சொன்னால் கூட்டத்தில் யாராவது ஒரு பெண் "ஐயோ" என்பாள்.

பிறகு, சத்தம் போட்டால் புழுக்கள் அணைந்துவிடும், மூச்சுச் சத்தம்கூட வேண்டாம் என்பேன். அது முழு உண்மையல்ல. வெளிச்சம் பட்டாலோ கை பட்டாலோ புழு மங்கும்; பேச்சுச் சத்தத்தை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். ஒரு கூட்டமே என் ஒரு வார்த்தைக்காக இருட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்கும். மற்ற குகைகளிலும் புழுக்கள் உண்டு. நெவிலின் மௌனம் இங்கே மட்டும்தான் என்று ஹூரியாவே விளம்பரத்தில் போட்டிருந்தாள்.

பாதைக்குக் கீழே ஓடை ஓடுகிறது. அது வெளியேறுகிற இடத்தில் இரும்புக் கம்பி அடைப்பு ஒன்று வைத்திருக்கிறோம். மழை பெய்தால் மேட்டுப் பண்ணைகளிலிருந்து மரக்கட்டைகள் அடித்துக்கொண்டு வந்து அதில் சிக்கும். எடுக்காவிட்டால் தண்ணீர் தேங்கி ஏறும். எடுப்பதற்குக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் இரும்பு ஏணி வழியாக இறங்க வேண்டும். ஒருவன் இறங்கினால் இன்னொருவன் மேலே நிற்க வேண்டும், இது ஹகோப்பா வைத்த விதி. ஒருநாளும் நாங்கள் அதை மீறியதில்லை. ஒருநாள் தவிர.

இனி என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களாகவே கீச்சென்ற மெல்லிய ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை. முதலில் போனது பறவைகள். பிறகு தேநீர்க் கெட்டிலின் விசில், தொலைபேசி மணி. பெண்கள் பேசினால் உதட்டைப் பார்ப்பேன். இதை யாருக்கும் தெரியாமல் நன்றாகவே சமாளித்தேன். சுற்றுலாவில் வழிகாட்டிதான் பேசுகிறவன், கேட்கிறவன் இல்லையே. கேள்வி கேட்டால், "நல்ல கேள்வி, நீங்களே என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பி விடுவேன். அவர்கள் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தார்கள்.

ஹகோப்பாவை ஏமாற்ற முடியவில்லை. ஓடை தாழ்ந்து ஓடும்போது கற்களின் மேல் கலகலவென்று ஒரு மெல்லிய சத்தம் வரும். தண்ணீர் ஏறி கற்கள் மூழ்கினால் அந்தக் கலகலப்பு நின்று அடியிலிருந்து ஒரு முழக்கம் மட்டும் வரும். எந்த அளவுமானியையும்விட எங்களுக்கு அதுதான் எச்சரிக்கை. எனக்கோ எல்லா நாளும் முழக்கம் மட்டுமே கேட்டது. அதை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"உன் காது எப்பவோ ரிடயர் ஆயிருச்சுடா நெவ். நீதான் இன்னும் ஆகல" என்றான் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது.

நான் சிரித்தேன்.

"சிரிக்காதே. நான் விளையாட்டுக்குச் சொல்லல. டாக்டர்கிட்ட போ."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"பின்னால நின்னு உன்னைக் கூப்பிட மூணு தரம் விசில் அடிச்சேன். நீ பாட்டுக்குப் பிஸ்கட்டைத் தேநீர்ல முக்கிட்டு இருக்கே."

என் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அவன் எனக்கு நல்லது நினைத்தே சொன்னான் என்பது அப்போதும் தெரியும். ஆனால், பின்னால் நின்று சோதித்திருக்கிறான். பிஸ்கட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

சம்பவம் நடந்த அன்று ஹூரியா ஹாமில்டன் நகரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். விடிய விடிய மேட்டில் மழை பெய்திருந்தது. ஹகோப்பா ஏணிப் பள்ளத்தின் விளிம்பில் குனிந்து நின்றான்.

"தண்ணி குரல் மாறியிருக்கு. கேக்குதா?"

"கேக்குது."

"என்ன கேக்குது, சொல்லு பாப்போம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரக்கம் இருந்தது.

"இன்னிக்கு டூர் வேணாம். பஸ் வந்தா திருப்பி அனுப்பிடலாம். நான் கம்பியில சிக்கினதை எடுத்துட்டு வரேன், நீ இங்கேயே நில்லு. அப்புறம், சாயங்காலம் ஹூரியா வந்ததும் உன் விஷயத்தைப் பேசி முடிச்சிடறேன். இதை இப்படியே விட முடியாது நெவ்."

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினான். பேருந்து வந்தது. அதுதான் என் கடைசிக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் வேலை போய்விடும். காலையில் ஒருமுறையாவது உள்ளே போய் வரலாம். யார் என்றாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஏணியை விட்டுப் போய், கழிப்பறை இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன்.

மேல்பாதைக்குத் தண்ணீரால் எந்த ஆபத்தும் இல்லை. அது பிறகு விசாரணையிலும் உறுதியாயிற்று. என்னோடு வந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

பெரிய கூடத்துக்குப் போனோம். விளக்கை அணைத்தேன். புழுக்கள் அன்று மிக நன்றாக ஒளிர்ந்தன. மௌனத்தைத் தொடங்கி வைத்தேன். கொஞ்ச நேரம் போயிருக்கும், என் தோளை ஒட்டி நின்ற பெண் என் காதருகே தாழ்ந்த, கனத்த குரலில் சொன்னாள்.

"யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?"

அவள் பெயர் க்ளெனிஸ். நாட்டின் தெற்குத் தீவிலிருந்து கணவனோடு வந்திருந்தவள். முன்பு செவிலியாக இருந்தவளாம்.

"சும்மா இரு க்ளெனிஸ். புழு அணைஞ்சிடும்" என்றான் கணவன்.

"இல்லீங்க, நிஜமாவே. ஆம்பளைக் குரல்."

நான் என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொன்னேன். "அது தண்ணீர், அம்மா. இந்தக் குகையில் தண்ணீர் பேசும். நிறையப் பேர் அதில் மனிதக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து மௌனமாக இருங்கள்."

சிலர் வியந்து மூச்சை இழுத்தார்கள். அந்த வாக்கியம் இருட்டில் கேட்க அழகாகத்தான் இருந்தது. அன்று மௌனத்தை வழக்கத்தைவிட நீட்டினேன்.

வழிகாட்டி தன் கூட்டத்தை இருட்டில் தனியே விடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து அவர்கள் கேட்டபடி படம் எடுத்துக் கொடுத்தேன், பேருந்துக்குக் கையசைத்தேன். சாயங்காலம் வருவதாக இருந்த ஹூரியா மதியமே வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, "அவர் எங்கே?" என்று கேட்டபோது நான் அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இருவரும் ஏணிக்கு ஓடினோம். கட்டை ஒன்று புரண்டு அவன் காலைக் கம்பியோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்தது. தண்ணீர் அவன் தலைக்கு மேல் போய்விட்டிருந்தது.

ஹகோப்பாவின் குல வழக்கப்படி அவனை அவர்களுடைய ஊர்ச் சபைக்கூடத்தில் கிடத்தினார்கள். ஊரெல்லாம் வந்து அவன் உயிரோடு இருப்பதுபோல அவனிடமே பேசினார்கள், திட்டினார்கள், பாடினார்கள். ஹூரியா என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் சவப்பெட்டியருகே அழுதுவிட்டு என்னிடம் வந்து, நெற்றியையும் மூக்கையும் என் முகத்தோடு சேர்த்து வைத்து, என் மூச்சைத் தங்கள் மூச்சோடு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணீர் என் உதட்டில் உப்பாக இருந்தது. மூன்று நாள் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. துக்கம் என்று சொன்னார்கள்.

ஏணியை விட்டுப் போனதை நான் மறைக்கவில்லை. "பேருந்து வந்தது, போய்விட்டேன், அவன் ஏறி வந்திருப்பான் என்று நினைத்தேன்" என்றேன். அது தப்பு என்றும் ஒத்துக்கொண்டேன். மரண விசாரணைக்கு முன் ஹூரியாவே என்னைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் ஒலி புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, இத்தனை வருடம் எப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்டார். யாருக்கும் தெரியாமல் பொத்திவைத்த விஷயம், ஒரு மதியத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. முதலில் செத்துவிடலாம் போல இருந்தது. பிறகு பார்த்தால், அதுவே எனக்குக் குடையாக நின்றது.

விசாரணையில் க்ளெனிஸ் தான் கேட்ட குரலைப் பற்றிச் சொன்னாள். என்னிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, "மன்னிக்கவும், இன்னொருமுறை சொல்கிறீர்களா?" என்றேன். கேட்டவர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். அறை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. இருட்டில் யார் என்ன முணுமுணுத்தாலும் 'அது தண்ணீர்' என்றுதான் வழக்கமாகச் சொல்வேன் என்றேன். வெளியே வந்ததும் க்ளெனிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேங்க. உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியல. எனக்குக் கேட்டுச்சே, நான்தானே வாயை மூடிக்கிட்டு நின்னேன். நான்தானே கத்தியிருக்கணும்."

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அந்தப் பெண் இப்போதும் தூங்குவதில்லை என்று அவள் கணவன் ஹூரியாவுக்கு எழுதியிருந்தானாம்.

மருத்துவர் சொன்னது பொய்யில்லை. எனக்குப் போனது கீச்சென்ற மெல்லிய ஒலிகள் மட்டும். ஆண்களின் கனத்த குரல் எனக்கு இன்றுவரை குறைவில்லாமல் கேட்கும். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஹகோப்பா தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். அவன் பாடினால் பலகை இருக்கை அதிரும்.

ஒரு வருடம் கழித்துக் கல்லறைக் கல்லின் துணியை விலக்கும் சடங்குக்கு அழைத்தார்கள். போன சனிக்கிழமைதான். அன்று பயங்கரக் காற்று. காதுக் கருவி ஊளையிட்டதால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஹூரியா அதைப் பார்த்தாள். "போட்டுக்க வேணாம், நான் அப்புறமாச் சொல்றேன்" என்று சைகை காட்டினாள். அவ்வளவு அன்பு அவளுக்கு.

ஹகோப்பாவின் அண்ணன் தானியெரா எனக்குப் பின்னால் நின்றான். அவனுக்கும் அதே குடும்பக் குரல். யாரிடமோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாவம்ப்பா இந்த மனுசன், ஒண்ணும் கேக்காது. தம்பி இவருக்காக ஹூரியாகிட்ட எவ்வளவு கெஞ்சினான் தெரியுமா? காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்துடலாம், வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதே, அந்தக் குகை இல்லேன்னா நெவ் செத்துடுவான்னு ஒரு மாசமா ஒரே பாட்டு. கடைசியில அவளும் சரின்னுட்டா. அன்னிக்குச் சாயங்காலம் அதைச் சொல்லத்தான் இருந்தாங்க."

நான் திரும்பிவிட்டேன். "என்னைக்குச் சொன்னான்?" என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டு.

தானியெரா, "அட, கேட்டுச்சா உங்களுக்கு?" என்று சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஹூரியா எனக்கு எதிரே நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். அப்புறம் துணியை விலக்கினார்கள், பாடினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் தட்டில் அவளே கறியும் சர்க்கரைவள்ளியும் எடுத்து வைத்தாள். குனிந்து என் காதருகே, நான் உதட்டைப் பார்க்க முடியாதபடி, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவள் குரல் ஆண் குரல் போல அவ்வளவு கனத்துத் தாழ்ந்திருந்ததால், அது எனக்கு முழுசாகக் கேட்டது.

"ரொம்ப நேரம் கூப்பிட்டாரா?"

நான் கேட்காதவன் போலச் சாப்பிட்டேன். இந்த ஒரு வருடத்தில் நான் செய்த காரியங்களில், அந்தச் சர்க்கரைவள்ளியை மென்று விழுங்கியதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய கூடத்தில் எனக்குக் கேட்டது தண்ணீர் இல்லை. பாறை இடுக்கு வழியாக ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "நெவ், கால் மாட்டிக்கிச்சு. கடப்பாரை எடுத்துட்டு வா." அவன் பதறவில்லை. நான் ஏணி மேலேயே நிற்கிறேன் என்று நினைத்துப் பேசினான். அப்போது என் எண்ணம் இவ்வளவுதான்: கொஞ்ச நேரம் கூப்பிடட்டும். கூப்பிட்டால் ஆள் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியட்டும். பின்னால் நின்று விசில் அடித்தானே. கூட்டத்தை அனுப்பிவிட்டு அவனைத் தூக்கிவிடுவதாகத்தான் இருந்தேன்.

பேருந்து போனதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணிப் பள்ளத்துக்குப் போனேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் அவன் மார்பளவு இருந்தது. அவன் தலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குரல் கரகரத்துப் போயிருந்தது.

"நெவ்? வந்துட்டியாடா? எங்கேடா போயிருந்தே?"

அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மூன்று விதமாக யோசித்துப் பார்த்தேன். எதுவும் நம்பும்படி இல்லை. அவன் மேலே வந்தால் கூட்டத்தைக் கூட்டிப் போனது தெரிந்துவிடும். கூடத்தில் எனக்குக் கேட்டிருக்கும் என்பதும் தெரிந்துவிடும். அவன் குரல் எனக்குக் கேட்கும் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மெதுவாகத்தான் ஏறியது. அது என்னை அவசரப்படுத்தவில்லை. அவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான், பிறகு ஹூரியா பெயரை, பிறகு ஏதோ பாட்டு மாதிரி. நான் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் போன பிறகும் கொஞ்ச நேரம் எரிந்தது. கடப்பாரையைத் துடைத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு, கோப்பைகளைக் கழுவப் போனேன்.

ஹூரியாவிடம் நீங்கள் போவீர்கள் அல்லவா? ரொம்ப நேரம் கூப்பிட்டான் என்று சொல்ல வேண்டாம், அவள் தாங்க மாட்டாள். அவன் தனியாகச் சாகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். கடைசிவரை நான் அவன் கூடவே இருந்தேன் என்று சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.